வெம்மையின் வேர்
காற்றால் குளிரும் எஞ்சினும் அதன் பிணி காணும் முறையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய மேடையில் எஞ்சின் சூடேறுவதைப் பற்றிய உரை பொருந்துமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. ஆயினும் மாதனூரில் அந்த ஐயத்துக்கு நெடுநாள் வாழ்வில்லை. பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் இடையே, பாலாற்றங்கரையில், சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது இவ்வூர். பகலும் இரவும் எஞ்சின்களின் ஓசை இங்கு ஓய்வதில்லை. ஆற்றிலோ ஆண்டின் பெரும்பகுதி மணலே ஓடுகிறது.

இவ்வட்டாரத்தின் தொழில் தோல். அத்தொழிலில் உள்ளோர் வெப்பத்தையே சோதனைக் கருவியாகக் கொண்டவர்கள். குரோம் முறையில் பதனிட்ட தோலின் சிறு துண்டைக் கொதிக்கும் நீரில் இட்டுச் சில நிமிடங்கள் வைப்பர். சுருங்காமல் நின்றால் பதம் சரி. சுருங்கினால் பதம் போதவில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலோ நீர் கொதிநிலையை எட்டுமுன்பே சுருங்கிவிடும். சுருங்கியது நீரின் குற்றமாகாது. தோலின் உள்நிலையை நீர் வெளியே எடுத்துச் சொல்லிற்று, அவ்வளவே. வெப்பம் ஒரு செய்தி என்னும் பாடத்தை இம்மண் தன் தொழிலிலேயே கற்றிருக்கிறது. அதே பாடத்தை எஞ்சினிடமும் படிக்கலாம் என்பதே இவ்வுரையின் கருத்து.

இரும்பும் காற்றும்

அயல்நாடுகளில் இப்பொருளைப் பேசுவோர் போர்ஷே 911 முதலிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை எடுத்துக்கொள்வர். தமிழ்நாட்டுச் சாலைகளில் அவை அரியவை. காற்றால் குளிரும் பழைய எஞ்சின் என்றதும் இங்கு நினைவுக்கு வருவது புல்லட் வண்டியே. இங்கிலாந்தின் ரெடிச் நகரில் 1949 முதல் உற்பத்தியான 350 புல்லட், 1950களின் முற்பகுதியில் இந்தியப் படையின் தேவைக்காக இங்கு வந்தது. 1955இல் ரெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை அமைத்தன. அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் ஆலை இயங்கலாயிற்று. தாய் நிறுவனம் 1970ஆம் ஆண்டளவில் மறைந்துபோகச் சேய் நிறுவனம் தழைத்தது. 1977 முதல் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகியது என்பது தொழில் வரலாற்றின் சுவையான திருப்பங்களுள் ஒன்று. 1994இல் அந்நிறுவனம் ஐஷர் குழுமத்தோடு இணைந்தது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் உற்பத்தி 2010ஐ ஒட்டி முடிவுக்கு வந்தது. அவ்வெஞ்சின் கொண்ட வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. புதிதாய்ப் பிறப்பதில்லை என்பதால் இருப்பவற்றைக் காப்பது கடமையாகிறது.

அதன் உடலமைப்பைச் சுருங்கக் காணலாம். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட ஒரே சிலிண்டர். கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். சிலிண்டர் வார்ப்பிரும்பால் ஆனது. அதன் மேலமர்ந்த தலைப்பகுதி அலுமினியக் கலவை. இரண்டையும் சுற்றி அடுக்கடுக்காய்ச் செதில்கள். ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் இல்லை, விசிறியும் இல்லை. வண்டி ஓடும்போது எதிர்வரும் காற்றே அதன் குளிர்நீர்.

பெட்ரோல் எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் எழும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். ஆயினும் அலுமினிய பிஸ்டன் உருகுவதில்லை. ஏற்ற வெப்பம் கணந்தோறும் வெளியேறிக்கொண்டே இருப்பதால் அது பிழைக்கிறது. பிஸ்டனிலிருந்து வளையங்களுக்கும், வளையங்களிலிருந்து சிலிண்டர்ச் சுவருக்கும், சுவரிலிருந்து செதில்களுக்கும், செதில்களிலிருந்து காற்றுக்கும் வெப்பம் கைமாறிச் செல்கிறது. ஒரு பகுதியை எண்ணெய் சுமந்து செல்கிறது. மற்றொரு பெரும்பகுதி புகைக்குழல் வழியே போகிறது. பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. வார்ப்பிரும்பு அலுமினியத்தைப் போல விரைந்து வெப்பத்தைக் கடத்துவதுமில்லை. அதன் கடத்துதிறன் அலுமினியக் கலவைகளுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே.

இவ்வளவும் தெரிந்தபின் ஒன்று விளங்கும். எஞ்சின் மிகையாகச் சூடேறினால் அதற்கு மூன்று வேர்களே இருக்க முடியும். அளவுக்கு மீறி வெப்பம் பிறக்கலாம். பிறந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தங்கலாம். எங்கேனும் உராய்வு மிகுந்து புதிய வெப்பம் தோன்றலாம். மூன்றும் வெளியே தெரிவது ஒரே முகத்தோடுதான். பிணி காண்பதன் இடர்ப்பாடு இங்கேதான் இருக்கிறது.

மலைப்பாதையில் ஒரு வண்டி

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்க. சித்திரை வெயிலில், பழைய புல்லட் ஒன்றில், இருவர் மாதனூரிலிருந்து ஏலகிரிக்குப் புறப்படுகின்றனர். ஆம்பூர் தாண்டி, வாணியம்பாடியில் திருப்பத்தூர்ச் சாலைக்குத் திரும்பி, பொன்னேரி வழியாக மலையடிவாரத்தை அடைகின்றனர். அதுவரை குறையொன்றும் இல்லை. அங்கிருந்து 14 கொண்டையூசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டிருப்பதைக் கவிஞர்கள் அறிவர். வள்ளுவரையும் இளங்கோவையும் கம்பரையும் கபிலரையும் கடந்துதான் மலையேற வேண்டும்.

காற்றால் குளிரும் எஞ்சினுக்கு மலைப்பாதை கடுஞ்சோதனை. சுமை மிகுதி, வேகம் குறைவு. எரிபொருள் நிறைய எரிகிறது. எதிர்காற்றோ அடங்கிவிடுகிறது. ஐந்தாறு வளைவுகள் கடந்ததும் வண்டியின் இழுவை தளர்கிறது. கார்புரேட்டர் வழியே இருமுவது போன்ற ஓசை எழுகிறது. காய்ந்த இரும்பின் வாடை வீசுகிறது. வண்டியை நிறுத்துகின்றனர். பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்கின் மூடியைத் திறந்து பார்க்கின்றனர். இருக்கிறது. மூடிவிட்டு நிழலில் அமர்கின்றனர். அரைமணி கழித்து உதைத்தால் வண்டி கிளம்புகிறது. நன்றாகவே ஏறுகிறது. ஓய்வு கொடுத்தால் தீர்ந்துவிடும் சூடு என்று முடிவு கட்டுகின்றனர்.

அடுத்த முறையும் அதே மலை, அதே அளவு தொலைவு, அதே தளர்ச்சி. இதற்குள் வைத்தியம் பல நடந்திருக்கும். ஒருவர் கெட்டியான எண்ணெய் ஊற்றச் சொல்லியிருப்பார். ஒருவர் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளியிருப்பார். ஒருவர் கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டிருப்பார். ஜெட் மாற்றியபின் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தால் ஸ்பார்க் பிளக் கரிபிடித்துக் கறுக்கிறது. மலையில் கழற்றிப் பார்த்தால் அதே பிளக் வெளுத்திருக்கிறது. ஒரே எஞ்சின் ஊரில் ஒன்றும் மலையில் வேறொன்றும் சொல்கிறது. இம்முரண்பாட்டைத் தொல்லையெனத் தள்ளுவோர் நோயைத் தவறவிடுவர். அதுவே தடயம் எனக் கொள்வோர் வேரை அணுகுவர்.

முதல் வினா

கைதேர்ந்த மெக்கானிக் முதலில் கருவியைக் கையில் எடுப்பதில்லை. கேள்வியைத்தான் எடுக்கிறார். எஞ்சின் எவ்வளவு சூடாகிறது என்பதைவிட எப்போது சூடாகிறது என்பதே அவர் கேட்கும் முதல் வினா.

காற்றால் குளிரும் எஞ்சினில் கை வைத்தால் சுடத்தான் செய்யும். அதன் தலைப்பகுதி 200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் வேலை செய்வது இயல்பே. சுடுகிறது என்னும் ஒரு சொல்லில் நோய்க்குறி இல்லை. சூடேறியபின் இழுவை குறைகிறதா, ஏற்றத்தில் உள்ளே கல் உருள்வது போலத் தட்டுகிறதா, சாவியை அணைத்த பின்னும் எஞ்சின் சில சுற்றுகள் ஓடுகிறதா, உதைக்கும்போது இறுகி நிற்கிறதா, புகைக்குழல் வாயருகே நீலம் பாய்ந்திருக்கிறதா என்பன உண்மையான குறிகள்.

நேரமும் இடமும் அறிந்தால் வேர் பாதி தெரிந்துவிடும். நெரிசலில் நின்றுகொண்டு ஓடும்போது மட்டும் சூடேறினால் எதிர்காற்றின்மையே பெரும்பாலும் காரணம். விசிறியில்லாத எஞ்சினை அணைத்து வைப்பதே அதற்கு மருந்து. நெடுஞ்சாலையில் விரைந்து போகும்போது மட்டும் சூடேறினால் எரிபொருள் போதாமையையோ எண்ணெயையோ ஐயுறவேண்டும். எப்போதும் சூடேறினால் டைமிங், உராய்வு, அடைப்பு ஆகியவற்றை நோக்கவேண்டும். பழுது பார்த்த மறுநாள் முதல் சூடேறினால் பழுது பார்த்த இடத்துக்கே திரும்பவேண்டும். புதிதாக பிஸ்டன் போட்ட எஞ்சின் பழகும்வரை இறுக்கத்தால் சற்று மிகுதியாகச் சூடேறுவதும் உண்டு. அதனை நோயென்று கொண்டு மருந்து தேடலாகாது.

தேடலின் வரிசை

அடுத்தது தேடும் வரிசை. செலவில்லாததை முதலிலும், எஞ்சினைப் பிரிப்பதை இறுதியிலும் வைப்பது அனுபவம் வகுத்த நெறி.

முதலாவது புறத்தோற்றம். செதில்களுக்கிடையே எண்ணெயும் புழுதியும் குழைந்து அடைத்திருந்தால் காற்றுக்கு வழியில்லை. முன்பக்கம் மாட்டிய பெரிய விளக்குகளும் தகடுகளும் காற்றை மறிக்கலாம். சற்றுத் தொலைவு ஓட்டியபின் சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் பிரேக் உரசிக்கொண்டிருப்பது தெரியும். செயின் மிக இறுகியிருந்தாலும் எஞ்சினுக்கு வீண் சுமையே. இவை எஞ்சினின் குற்றங்களல்ல. பழி மட்டும் எஞ்சினைச் சேரும்.

இரண்டாவது எண்ணெய். பழைய புல்லட்டில் எண்ணெய்த் தொட்டி எஞ்சின் வார்ப்பிலேயே ஓர் அறையாக அமைந்திருக்கிறது. ஏறத்தாழ 2.25 லிட்டர் எண்ணெயே உயவும் குளிர்ச்சியும் தரவேண்டும். அளவு குறைந்தால் இருக்கும் எண்ணெய் ஓய்வின்றிச் சுற்றிச் சூடேறி நீர்த்துப்போகும். எண்ணெய் இருந்தாலும் சுற்றுகிறதா என்பது வேறு வினா. ராக்கருக்குச் செல்லும் மெல்லிய குழாயின் திருகைச் சற்றே தளர்த்தி எஞ்சினை ஓட்டினால், எண்ணெய் கசிந்து வருவதிலிருந்து பம்பு உயிரோடிருப்பதை அறியலாம்.

மூன்றாவது பிளக். அதன் முனை எஞ்சினின் நாக்கு எனத் தகும். செங்கல் பழுப்பு நலத்தின் நிறம். வெளுப்பு, காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்ததன் குறி. உலர்ந்த கரி, பெட்ரோல் மிகுந்ததன் குறி. எண்ணெய்ப் பிசுக்கான கருமை, வளையங்கள் தேய்ந்ததன் குறி. ஆனால் நாக்கைப் பார்க்கும் நேரம் முக்கியம். சுமையோடு ஓடும்போதே சாவியை அணைத்து, கிளட்சைப் பிடித்து, போக்குவரத்தில்லாத ஓரத்தில் நிறுத்தி அப்போதே கழற்றிப் பார்க்கவேண்டும். வீடுவரை மெல்ல ஓட்டி வந்து பார்த்தால் கடைசி ஐந்து நிமிடத்தின் கதையை மட்டுமே அது சொல்லும்.

நான்காவது பெட்ரோலின் வழி. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாய் எரிய எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. காற்று அதனின் மிகும்போது எரிதல் மெதுவாகி நீள்கிறது. வெப்பம் வால்வுகளிலும் பிஸ்டன் உச்சியிலும் தங்குகிறது. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள இணைப்பில் மயிரிழைப் பிளவு இருந்தாலும் காற்று திருட்டுத்தனமாய் உட்புகும். குழாயிலுள்ள வடிகட்டி அடைத்திருக்கலாம். மிதவை கோணலாய் இருக்கலாம்.

ஐந்தாவது டைமிங். பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அதன் குதிகால் தேயத்தேய இடைவெளி குறைந்து பொறி தாமதமாகும். தாமதமான தீ, புகைவழி திறக்கும்போதும் எரிந்துகொண்டிருந்து குழலைப் பழுக்கச் செய்யும். பொறி மிக முந்தினாலோ பிஸ்டன் மேலேறும்போதே வெடிப்பு அதன் தலையில் இறங்கும். தட்டும் ஓசை அப்போதுதான் எழுகிறது. பொறியின் நேரத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டியதில்லை. சாவியைத் திருப்பி எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றினால், பாயிண்ட் திறக்கும் நொடியில் விளக்குக் கூட்டிலுள்ள அம்மீட்டர் முள் நடுவுக்குத் திரும்புவது கண்ணுக்குத் தெரியும். மின்கலத்தின் நிலையைக் காட்ட வைத்த முள்ளை நாடி பார்க்கவும் பயன்படுத்தக் கண்டறிந்த கைகள் போற்றத்தக்கவை.

ஆறாவது வால்வுகள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தள்ளுதண்டுகள் இரு விரலால் உருட்டினால் உருளவேண்டும், மேலும் கீழும் ஆடலாகாது. உருளாமல் இறுகியிருந்தால் வால்வு முழுதும் மூடாமல் தீ கசிந்து விளிம்பு கருகும். இவ்வளவும் பார்த்து விடை கிடைக்காதபோதே எஞ்சினை இறக்குவது நியாயம்.

இனி ஏலகிரி வண்டிக்குத் திரும்பலாம். ஊரில் கறுத்து மலையில் வெளுத்த பிளக், ஜெட் சிறிதென்று சொல்லவில்லை. ஜெட்டுக்கு வரவேண்டிய பெட்ரோல் மலையில் மட்டும் வந்து சேரவில்லை என்றே சொல்லிற்று. பெட்ரோல் இறங்க வேண்டுமானால் இறங்கிய இடத்தை நிரப்பக் காற்று டாங்குக்குள் புகவேண்டும். அதற்கென மூடியில் ஓர் ஊசித்துளை உண்டு. அத்துளை புழுதியால் பாதி அடைந்திருந்தது. சமவெளியில் தேவை சிறிதாதலால் பாதித் துளையே போதுமானதாக இருந்தது. மலையில் தேவை மிக, டாங்குக்குள் வெற்றிடம் வளர்ந்து பெட்ரோலைப் பிடித்து நிறுத்தியது. பெட்ரோல் குறைந்த கலவை எஞ்சினைக் காய்ச்சியது. வண்டியைத் தெளிவித்தது அரைமணி ஓய்வு எனப் பயணிகள் எண்ணினர். உண்மையில் தெளிவித்தது, பெட்ரோல் பார்க்க மூடியைத் திறந்த அந்தக் கணம். காற்று உள்ளே புகும் மெல்லிய சீறலை அன்றே காது கொடுத்துக் கேட்டிருந்தால் எண்ணெயும் ஜெட்டும் மாற்றவேண்டி வந்திராது. ஓர் ஊசியின் வேலை அது.

அயல்நாட்டுச் சான்றுகள் இரண்டு

வேரைத் தவறாகக் காணும் பிழை சாலையோரப் பட்டறைக்கு மட்டும் உரியதன்று. பெரும் பொறியாளர்களுக்கும் அது நேர்ந்ததுண்டு.

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் எஞ்சினும் காற்றால் குளிர்வது. விசிறி வீசும் காற்று தகட்டுக் கூட்டின் வழியே நான்கு சிலிண்டர்களுக்கும் பிரிந்து செல்லும். பழைய அமைப்பில் மூன்றாம் சிலிண்டரே முதலில் கருகுவது வழக்கமாயிற்று. பெட்ரோலும் பொறியும் எண்ணெயும் நான்குக்கும் பொது. பின் மூன்றாவது மட்டும் ஏன் வேகிறது? எண்ணெயைக் குளிர்விக்கும் சிறு கருவி, கூட்டுக்குள் அச்சிலிண்டருக்குச் செல்லும் காற்றின் குறுக்கே நின்றது. காற்று தடைப்பட்டது, போய்ச் சேர்ந்ததும் சூடாகவே சேர்ந்தது. குளிர்விக்க வைத்த கருவியே அடுத்திருந்ததைச் சுட்டது. 1971 மாதிரிக்கான எஞ்சின்களில் அக்கருவியை விலக்கித் தனிக் கூட்டில் வைத்த பின்னரே குறை தணிந்தது.

மற்றொன்று போர்ஷே 911. 1963இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமாகி, 1964இல் உற்பத்திக்கு வந்து, 1998 வரை காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வெளிவந்த புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் அது. 1970களின் நடுவில் வந்த 2.7 லிட்டர் எஞ்சின்கள் சூட்டுக்குப் பெயர் பெற்றன. எடை குறைவுக்காக எஞ்சின் கூடு மக்னீசியக் கலவையில் வார்க்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காகப் புகைவழியில் வெப்ப எரிகலங்கள் பொருத்தப்பட்டன. எரியாத மிச்சத்தை அவை எஞ்சினுக்கு அருகிலேயே மீண்டும் எரித்தன. சிலிண்டர்களின் அடியில் உலை வைத்தது போலாயிற்று. 1976, 1977 ஆண்டுகளில் 11 இதழ் விசிறிக்கு மாற்றாக ஐந்து இதழ் விசிறியும் வந்தது. சூட்டில் உலோகங்கள் வெவ்வேறு அளவில் விரிய, தலைப்பகுதியை இறுக்கிப் பிடிக்கும் எஃகுத் தண்டுகள் மென்மையான மக்னீசியத்திலிருந்து மரையோடு பிய்ந்து வந்தன. தண்டுகளின் உலோகத்தை மாற்றிப் பார்த்தனர். அப்புதிய தண்டுகளுள் பல பின்னாளில் துருவேறி முறிந்தன. 1978இல் வந்த 3.0 லிட்டர் எஞ்சினில் கூடு அலுமினியத்துக்குத் திரும்பியது. அங்கு நோய் தண்டில் தெரிந்தது. அதன் வேர் கூட்டிலும் உலையிலும் இருந்தது.

பொய் மருந்துகள்

சூட்டை அடக்கும் மருந்துகள் பல உண்டு. கெட்டி எண்ணெய் தட்டும் ஓசையை மூடும். ஆனால் நுண்வழிகளில் மெதுவாகவே புகும். பெரிய ஜெட் வெளுப்பை மறைக்கும். ஆனால் மிகையான பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எல்லாவற்றினும் கொடியது, கொதிக்கும் வார்ப்பிரும்பின்மீது தண்ணீர் ஊற்றுவது. ஒருபக்கம் திடீரெனச் சுருங்கும் இரும்பு விரிசல் விடலாம், கோணலாம். ஊற்றியவர் கண்ணுக்கு எழும் ஆவி குளிர்ச்சியாகத் தோன்றும்.

இவ்வளவு கவனம் எதற்கென்று கேட்கலாம். உயிருக்காகத்தான். சூடேறிய பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடித்துக்கொண்டால், ஓடும் வண்டியின் பின்சக்கரம் பூட்டியது போல் நின்றுவிடும். நெடுஞ்சாலையில், பின்னால் லாரி வரும்போது அது நிகழ்ந்தால் விளைவு சொல்லவேண்டியதில்லை. பிடிப்பதற்கு முன் எஞ்சின் எச்சரிக்கத் தவறுவது அரிது. இழுவை தளரும், ஓசை இறுகும், வேகம் தானாய்க் குறையும். அந்த ஒருசில நொடிகளில் கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டியவர் பிழைப்பார். முறுக்கிப் பார்ப்போம் என்று கைப்பிடியை மேலும் திருகியவர் எஞ்சினை இழப்பார். எஞ்சினோடு நின்றால் நல்லூழ்.

சொல்லின் கடமை

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் பிணி காணும் வரிசையை வகுத்திருக்கிறார். பிணி எதுவெனத் தெளிந்து, அது எதனால் வந்தது எனத் தேடி, தணிக்கும் வழி அறிந்து, பின்னரே பொருந்தச் செய்ய வேண்டும் என்பது அவர் நெறி. இந்நெறியை எடுத்துக்காட்டாத மருத்துவ மேடை இல்லை. அதே அதிகாரத்தில் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளையும் அவர் எண்ணுகிறார். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணும் உழைச்செல்வான் என்பன அவை. இந்நான்காம் உறுப்பு அத்துணை பேசப்படுவதில்லை.

எஞ்சின் வாயில்லா நோயாளி. அதனோடு மலையேறியவரே உழைச்செல்வான். அவர் சொல்வதைக் கொண்டுதான் மருத்துவம் தொடங்குகிறது. வண்டி சூடாகிறது என்று மட்டும் சொல்பவர் மெக்கானிக்குக்கு எதையும் தரவில்லை. ஏற்றத்தில் மட்டும், ஐந்தாறு வளைவுக்குப் பின், முதலில் இருமல், பிறகு தளர்ச்சி, டாங்க் மூடியைத் திறந்தபின் தெளிவு என்று சொல்பவர் பாதி வேலையை முடித்துவிட்டார். அவர் கண்டதைக் கண்டபடி, நிகழ்ந்த வரிசையில், தம் முடிவைக் கலக்காமல் சொன்னார். ஓய்வு கொடுத்ததால் சரியாயிற்று என்பது அவர் கண்டதன்று, கருதியது. கண்டதையும் கருதியதையும் பிரித்துச் சொல்லத் தெரியாமையால் எத்தனை எஞ்சின்கள் வீணே பிரிக்கப்பட்டிருக்கும்!

பட்டறைகளில் இதற்கென ஒரு தமிழ் வளர்ந்திருக்கிறது. இழுவை இல்லை, மூச்சு முட்டுகிறது, இருமுகிறது, தட்டுகிறது, மிஸ் அடிக்கிறது, பிடித்துக்கொண்டது என்னும் சொற்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நோயைக் குறிக்கின்றன. மூச்சு முட்டுவதும் இழுவையின்மையும் ஒன்றல்ல. முன்னதில் எஞ்சின் திணறித் திணறி வருகிறது. பின்னதில் ஓசை குன்றாமலே வலிமை குன்றுகிறது. மனித உடலிலிருந்து கடன்பெற்ற இச்சொற்களை உண்டாக்கியவர்கள் ஏட்டுக்கல்வி பெற்ற கவிஞர்களல்லர். எனினும் உவமையின் துல்லியம் அவர்களுக்கு வாய்த்திருக்கிறது. உவமை தவறினால் பிஸ்டன் உடையும் என்பதால் அத்துல்லியம் அவர்களுக்குக் கட்டாயமுமாயிற்று.

பழைய எஞ்சின் மறைந்துவருவது போல அச்சொற்களும் மறைந்துவருகின்றன. புதிய வண்டிகளில் வெப்பத்தைச் சென்சார் உணர்கிறது, கணிப்பொறி குறியெண்ணாகச் சொல்கிறது. அது நன்மையே. ஆயினும் கையாலும் காதாலும் மூக்காலும் அறிந்ததைத் தமிழில் சொல்லும் ஆற்றல் ஒரு தலைமுறையோடு போய்விடலாகாது. நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் அமர்ந்து, முதிய மெக்கானிக்குகள் வாய்ச்சொல்லை அவர்கள் விளக்கத்தோடு எழுதி வைப்பது இத்தகைய இலக்கிய வட்டம் மேற்கொள்ளத் தக்க பணி. தோல் பதனிடுவோர் சொற்களுக்கும் அதே தேவை உண்டு. அகராதியில் இடம்பெறும் முன் அச்சொற்கள் ஒரு குறிப்பேட்டிலேனும் இடம்பெற வேண்டும்.

ஏலகிரிப் பாதையின் வளைவுகளுள் ஒன்று பாரியின் பெயர் தாங்குகிறது. ஏறிவந்த தேரை நிறுத்தி, இறங்கி, பற்றுக்கோடின்றித் துவண்ட முல்லைக் கொடியைக் கண்டவன் அவன். கொடி அவனிடம் எதையும் கேட்கவில்லை. அதன் துவட்சியே அவனுக்குச் செய்தியாயிற்று. பாய்ந்து செல்லும் தேரிலிருந்து அதைக் கவனிக்க முடிந்தது அவன் பெருமை. அவ்வழியே புல்லட்டில் ஏறுவோர் வண்டி இருமும்போது நிறுத்தி, இறங்கி, டாங்க் மூடியைத் திறந்து ஒரு கணம் காது கொடுத்தால் போதும். வாயில்லாதது சொல்வது அப்போது கேட்கும்.

பத்தாண்டு கண்ட வட்டம் மேலும் பல்லாண்டு தழைக்க வாழ்த்துகள்.